மகிழுந்துகளில் எண்ணெய்க் கசிவும் அடிக்கவசமும்

மகிழுந்தின் எஞ்சின், கியர்பெட்டி முதலிய பகுதிகளுக்குள் சுழலும் உயவு எண்ணெய், இணைப்புகள் வழியாகவோ உடைப்புகள் வழியாகவோ வெளியேறுவது எண்ணெய்க் கசிவு எனப்படும். அடிக்கவசம் என்பது எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் கீழே, தரையை நோக்கிப் பொருத்தப்படும் தட்டையான மூடி ஆகும். பட்டறை வழக்கில் இது "அண்டர் கவர்" என்றும் "எஞ்சின் ஷீல்டு" என்றும் அழைக்கப்படுகிறது. சொகுசு மகிழுந்துகளில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க இயலாது. கசியும் எண்ணெய் முதலில் அடிக்கவசத்தின் மீதே விழுகிறது. ஆகவே கசிவு வெளியே தெரிவதற்குப் பல வாரங்கள் ஆகலாம். கவசம் உடைந்துவிட்டால் அதற்கு மேலுள்ள எண்ணெய்த்தொட்டி கல்லுக்கும் வேகத்தடைக்கும் நேரடியாக இலக்காகிறது.

சென்னையின் தென் புறநகரான தாம்பரமும் அதைச் சூழ்ந்த பகுதிகளும் இச்சிக்கலை விளக்கப் பொருத்தமான இடங்கள் ஆகும். மகிழுந்து உற்பத்தியோடு நீண்ட தொடர்பு, கடும் வெப்பம், நெரிசல் மிக்க பெருஞ்சாலை, உயரம் ஒழுங்குபடாத வேகத்தடைகள், வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் ஆகிய அனைத்தும் இங்கு ஒருங்கே காணப்படுகின்றன.

எஞ்சின் எண்ணெயின் பணிகள்

எஞ்சினின் அடியில் உள்ள தொட்டியில் எண்ணெய் தங்கியிருக்கும். இத்தொட்டியை "ஆயில் சம்ப்" என்பர். எஞ்சின் ஓடும்போது எண்ணெய்ப் பம்பு இதனை உறிஞ்சி, வடிகட்டி வழியாகச் செலுத்தி, சுழல்தண்டின் தாங்கிகளுக்கும் மேலே உள்ள வால்வுகளுக்கும் அழுத்தத்துடன் அனுப்புகிறது. பின்னர் எண்ணெய் தன் எடையாலேயே வழிந்து மீண்டும் தொட்டியை அடைகிறது.

உராய்வைக் குறைப்பது எண்ணெயின் முதற்பணி. அதோடு, குளிர்நீர் எட்டாத பாகங்களிலிருந்து வெப்பத்தை அகற்றுதல், கரியையும் உலோகத் துகள்களையும் வடிகட்டிக்குக் கொண்டுசேர்த்தல், உந்துதண்டு வளையங்களுக்கிடையே வாயு கசியாமல் அடைத்தல், துருவைத் தடுத்தல் ஆகியவற்றையும் அது செய்கிறது.

எண்ணெய் சூடாகும்போது இளகும். 5டபிள்யூ-30 என்னும் தர எண்ணெயின் இயக்கப் பாகுநிலை 100 °செ. வெப்பநிலையில் நொடிக்கு 9.3 முதல் 12.5 சதுர மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதே எண்ணெய் 40 °செ. வெப்பநிலையில் ஏறத்தாழ ஆறு மடங்கு தடிப்பாக இருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கசியாத ஓர் இணைப்பு, சூடேறிய பின் கசியத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இரவு முழுவதும் நின்ற வண்டியின் கீழ் தரை உலர்ந்திருப்பதை மட்டும் கொண்டு கசிவு இல்லை என முடிவு செய்யக் கூடாது.

அடிக்கவசத்தின் அமைப்பும் பயனும்

அடிக்கவசம் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்னும் நெகிழியால் ஆனது. சிலவற்றில் வலிமைக்காகக் கண்ணாடி இழை சேர்க்கப்படுகிறது. அழுத்தி வார்க்கப்பட்ட இழைக்கம்பளம் போன்ற பொருளாலான கவசங்களும் உண்டு. இவை ஒலியை உறிஞ்சுவதற்காகப் பயன்படுகின்றன. சில வகைகளில் அலுமினியத் தகடு பயன்படுத்தப்படுகிறது.

அடிக்கவசத்தின் பயன்கள் பின்வருமாறு:

* மகிழுந்தின் அடிப்பரப்பை வழவழப்பாக்கிக் காற்றின் தடையைக் குறைத்தல். இதனால் எரிபொருள் மிச்சமாகும்.
* எஞ்சின் ஒலி வெளியே பரவுவதைக் குறைத்தல்.
* சேறு, மழைநீர், சிறு கற்கள் ஆகியவற்றிலிருந்து பட்டை, மின்னாக்கி, மின்கம்பிகள் முதலியவற்றைக் காத்தல்.
* குளிர்விப்பானைக் கடந்து வரும் காற்றைத் திட்டமிட்ட வழியில் வெளியேற்றுதல்.

1983-இல் வெளிவந்த மெர்சிடிஸ்-பென்ஸ் 190 டி என்னும் டீசல் மகிழுந்தில் எஞ்சின் அறை முழுவதும் ஒலித்தடுப்பு உறைகளால் மூடப்பட்டது. டீசல் எஞ்சினின் இரைச்சல் குறைந்ததால் அது "கிசுகிசுக்கும் டீசல்" எனப் பெயர் பெற்றது. பின்னர் இவ்வகை மூடிகள் சொகுசு மகிழுந்துகளில் பொதுவழக்காயின.

எல்லா அடித்தட்டுகளும் வெறும் மூடிகள் அல்ல. பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் சில வகைகளில் முன் அச்சின் கீழே உள்ள அலுமினியத் தகடு வண்டிச் சட்டத்தின் விறைப்புக்குப் பங்களிக்கும் பாகமாகும். அதனை "வலுவூட்டும் தகடு" என்பர். அது இல்லாமல் வண்டியை ஓட்டக் கூடாது. அதன் போல்ட்டுகளைக் கழற்றினால் புதியவற்றையே குறிப்பிட்ட முறுக்குவிசையில் பூட்ட வேண்டும். நெகிழி மூடியையும் இத்தகட்டையும் ஒன்றாகக் கருதுவது ஆபத்தான தவறாகும்.

தாம்பரம் பகுதியும் சொகுசு மகிழுந்துகளும்

தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூர் - வண்டலூர் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் தொழிற்சாலை இயங்கியது. பிரித்தானியாவின் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் தொடர்பால் தோன்றிய இந்நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மகிழுந்தையும், 1970களில் கெசல் மகிழுந்தையும் உற்பத்தி செய்தது. 1985-இல் அது ஸ்டாண்டர்டு 2000 என்னும் சொகுசு மகிழுந்தை அறிமுகப்படுத்தியது.

ஸ்டாண்டர்டு 2000-இன் உடற்கூடு, 1977-ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பிய மகிழுந்தாகத் தேர்வு பெற்ற ரோவர் எஸ்.டி.1 வண்டியினுடையது. ஆயினும் அதில் பொருத்தப்பட்டது ஸ்டாண்டர்டு வேன்கார்டு எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த 1991 கன செ.மீ. கொள்ளளவுள்ள பழைய வடிவமைப்பு ஆகும். இந்தியச் சாலைகளுக்கேற்ப வண்டியின் தரை இடைவெளியும் உயர்த்தப்பட்டது. சொகுசு மகிழுந்தின் தாழ்வான வயிற்றுப்பகுதிக்கும் இந்தியச் சாலைக்கும் உள்ள பிணக்கு அக்காலத்திலேயே வடிவமைப்பாளர்கள் கருத்தில் கொண்ட ஒன்று என்பது இதனால் விளங்கும். புதிய உடற்கூட்டில் பழைய எஞ்சின் என்னும் குறையும் விலையும் சேர்ந்து விற்பனையைப் பாதித்தன. 1988-இல் உற்பத்தி நின்றது.

இதே எஞ்சின் குடும்பம் பயன்படுத்தப்பட்ட பிரித்தானிய டிரையம்ப் டி.ஆர்.2 வண்டியில், சுழல்தண்டின் பின்முனையில் இன்றுள்ளது போன்ற ரப்பர் அடைப்பு வளையம் இல்லை. தண்டின் மீது வெட்டப்பட்ட திருகுவரை சுழலும்போது எண்ணெயை உள்நோக்கித் திருப்பி அனுப்பியது. எஞ்சின் நின்றிருக்கும்போது அவ்வரையால் எண்ணெயைத் தடுக்க இயலாது. எனவே வண்டியின் கீழ் சில துளிகள் காணப்படுவது அக்காலத்தில் இயல்பாகக் கொள்ளப்பட்டது. "எண்ணெய் ஒழுகாத வண்டி இல்லை" என்னும் எண்ணம் இத்தகைய எஞ்சின்களால் வேரூன்றியது. ரப்பர் வளையங்களால் அடைக்கப்படும் தற்கால எஞ்சின்களுக்கு அவ்வெண்ணம் பொருந்தாது. இவற்றில் தொடர்ந்து சொட்டும் எண்ணெய் பழுதின் அறிகுறியே ஆகும்.

2007 மார்ச் 29 அன்று பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் சென்னைத் தொழிற்சாலை, செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா உலக நகரத்தில் தொடங்கப்பட்டது. தாம்பரத்திலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியே இது அமைந்துள்ளது. இதே சாலையில் மறைமலைநகரில் இயங்கிய ஃபோர்டு தொழிற்சாலையில் 2022-இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

கசிவின் காரணங்கள்

எஞ்சின் ஒரே வார்ப்பாக இல்லாமல் பல பாகங்களாகச் செய்து இணைக்கப்படுகிறது. அசையாத இரு பாகங்களுக்கு நடுவே வைக்கப்படும் மென்பொருள் அடைப்பு "கேஸ்கெட்" எனப்படும். சுழலும் தண்டைச் சுற்றி அமையும் வளையம் "ஆயில் சீல்" எனப்படும். பெரும்பாலான கசிவுகள் இவ்விரண்டும் மூப்படைவதாலேயே ஏற்படுகின்றன.

ரப்பர் நீண்டகாலம் வெப்பத்தில் இருக்கும்போது அதன் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே புதிய பிணைப்புகள் உருவாகின்றன. இதனால் அது நெகிழ்வை இழந்து விறைக்கிறது. அழுத்தப்பட்ட நிலையிலேயே தங்கிவிடுவதால், உலோகப் பரப்பைத் தள்ளி நிற்கும் ஆற்றலும் குறைகிறது. கழற்றிய பழைய கேஸ்கெட்டை வளைத்தால் நெகிழாமல் ஒடிவதைக் காணலாம். நைட்ரைல், அக்ரிலிக், சிலிக்கோன் ஆகிய ரப்பர் வகைகளும், 1957-இல் டூபான்ட் நிறுவனம் வைட்டான் என்ற பெயரில் அறிமுகப்படுத்திய ஃபுளோரின் கலந்த ரப்பரும் அடைப்புகளாகப் பயன்படுகின்றன. இவற்றின் வெப்பந்தாங்கும் திறன் ஒன்றுக்கொன்று வேறுபடும். எனவே அளவு ஒத்திருப்பதை மட்டும் கொண்டு எந்த வளையத்தையும் மாற்றிப் போட இயலாது.

மூப்பு கிலோமீட்டர்களால் மட்டும் வருவதன்று. பெருங்களத்தூர், குரோம்பேட்டை, பல்லாவரம் போன்ற இடங்களின் நெரிசலில் வண்டி ஊர்ந்து செல்லும்போது கிலோமீட்டர் கணக்கு ஏறாது. ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், எதிர்க்காற்றின் குளிர்ச்சியும் கிட்டாது. குறைந்த தொலைவு ஓடிய வண்டியிலும் கேஸ்கெட் விறைத்துப்போவதற்கு இது காரணமாகிறது.

ஏனைய காரணங்கள்:

* சுழல்தண்டு அறையின் வாயு வெளியேற்றும் அமைப்பு அடைபடுதல். உள்ளழுத்தம் கூடி, நல்ல நிலையிலுள்ள சீல் வழியாகவும் எண்ணெய் தள்ளப்படும்.
* எண்ணெயை அளவுக்கு மீறி நிரப்புதல்.
* வடிகால் போல்ட்டின் வாசரை மாற்றாமல் மீண்டும் பூட்டுதல் அல்லது மரை கெடும்படி இறுக்குதல்.
* எண்ணெய் வடிகட்டியின் பழைய ரப்பர் வளையத்தை எடுக்காமல் அதன்மேல் புதியதைப் பொருத்துதல்.
* கல் அல்லது வேகத்தடை மோதி எண்ணெய்த்தொட்டி விரிசல் விடுதல்.

கசிவு தோன்றும் இடங்கள்

மேலிருந்து கீழாக நோக்கினால், கசிவு பொதுவாக வால்வு மூடியின் கேஸ்கெட், எண்ணெய் வடிகட்டி பொருத்தப்பட்டுள்ள கூட்டின் கேஸ்கெட், நேரச்சங்கிலி மூடி, டர்போவிற்குச் செல்லும் எண்ணெய்க் குழாய்கள், சுழல்தண்டின் முன் சீல், எண்ணெய்த்தொட்டியின் கேஸ்கெட், சுழல்தண்டின் பின் சீல் ஆகிய இடங்களில் தோன்றுகிறது.

ஒவ்வோர் இடத்தின் விளைவும் வேறு. வால்வு மூடியிலிருந்து கசியும் எண்ணெய் தீப்பொறிச் செருகி அமைந்துள்ள குழிகளில் இறங்கினால் எஞ்சின் திணறும். வெளிப்புறம் வழிந்து புகைபோக்கிக் குழாயின் மீது விழுந்தால் கருகிய வாடை வண்டிக்குள் வரும். வடிகட்டிக் கூட்டிலிருந்து கசிவது எஞ்சினின் முன்புறப் பட்டையை நனைக்கக்கூடும். எண்ணெயில் ஊறிய பட்டை வழுக்கி நழுவினால் மின்னாக்கியும், வண்டியின் அமைப்பைப் பொறுத்துக் குளிர்நீர்ப் பம்பும் செயலிழக்கும். பின் சீலை மாற்றக் கியர்பெட்டியையே இறக்க வேண்டும். அந்தச் சீலின் விலை குறைவு, ஆனால் வேலைக்கூலி பன்மடங்கு அதிகம்.

அடிக்கவசம் கசிவை மறைத்தல்

கவசமில்லாத வண்டியில் எண்ணெய் நேரே தரையில் சொட்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் உள்ள கறையே உரிமையாளருக்கு எச்சரிக்கையாகிவிடும். கவசமுள்ள வண்டியில் எண்ணெய் அதன்மேல் தேங்கி, சரிவை நோக்கி ஓடி, வடிதுளை வழியாக வெளியேறும். கசியும் இடம் முன்புறமும், கறை விழும் இடம் பின்புறமுமாக இருக்கலாம். இழைக்கம்பளக் கவசம் எண்ணெயை உறிஞ்சியும் வைத்துக்கொள்ளும். கசிவைச் சரிசெய்த பின்னும் அதிலிருந்து சில நாட்கள் எண்ணெய் சொட்டுவதால், பழுது நீங்கவில்லை என்னும் தவறான எண்ணமும் ஏற்படும்.

இதன் பொருள் சிறு கணக்கால் விளங்கும். ஒரு துளியை ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டராகக் கொண்டால், நிமிடத்திற்கு ஒரு துளி கசியும் எஞ்சின் ஒரு மணி நேர ஓட்டத்தில் 3 மில்லிலிட்டரை இழக்கும். நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஓடினால் மாதத்திற்கு 180 மில்லிலிட்டர் ஆகும். பெரும்பாலான மகிழுந்துகளில் அளவுகோலின் மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடைப்பட்ட அளவு ஏறத்தாழ ஒரு லிட்டர். ஆகவே இக்கசிவு மட்டும் இருந்தால் ஐந்தாறு மாதங்களில் எண்ணெய் கீழ்க்கோட்டை எட்டிவிடும். நிமிடத்திற்குப் பத்துத் துளியானால் அந்நிலை மூன்று வாரங்களுக்குள் வரும்.

சில சொகுசு மகிழுந்துகளில் எண்ணெய் அளவுகோலே இல்லை. உணரி அளந்து திரையில் காட்டும் அளவையே நம்ப வேண்டும். அத்தகைய வண்டியில் மாதம் ஒருமுறையேனும் அந்த அளவைப் பார்ப்பது நன்று. முகப்புப் பலகையில் மஞ்சள் நிற எண்ணெய்க் குறி தோன்றினால் அளவு குறைந்துள்ளது என்று பொருள். சிவப்பு நிறக் குறி எண்ணெய் அழுத்தம் குறைந்ததைக் காட்டுகிறது. சிவப்புக் குறி தோன்றியவுடன் வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். அழுத்தமின்றி ஓடும் எஞ்சினின் தாங்கிகள் சில நிமிடங்களில் உருகிப் பற்றிக்கொள்ளக்கூடும்.

கசிவைக் கண்டறிதல்

முதலில் கசிவது எந்த நீர்மம் என்பதை அறிய வேண்டும். வெள்ளை அட்டையொன்றை இரவில் வண்டியின் கீழே விரித்து வைத்தால் நிறமும் இடமும் தெரியும்.

* தெளிந்த நீர்: பெரும்பாலும் குளிர்சாதனத்தில் படிந்து வடியும் நீர். காற்றில் ஈரப்பதம் மிகுந்த சென்னையில் இது இயல்பானது, பழுது அன்று.
* பழுப்பு அல்லது கறுப்பு, வழுவழுப்பு: எஞ்சின் எண்ணெய்.
* சிவப்பு: பெரும்பாலும் தானியங்கிக் கியர்பெட்டியின் எண்ணெய் அல்லது திசைமாற்றி எண்ணெய்.
* பச்சை, நீலம், இளஞ்சிவப்பு, இனிய வாடை: எஞ்சின் குளிர்நீர்மம்.
* வெளிர்மஞ்சள், சக்கரத்திற்கு அருகில்: தடைநீர்மமாக இருக்கலாம். இந்நிலையில் வண்டியை ஓட்டக் கூடாது.

அடுத்து அடிக்கவசத்தைக் கழற்ற வேண்டும். இதற்கு வண்டியைப் பட்டறையின் ஏற்றியில் உயர்த்துவதே பாதுகாப்பானது. ஜாக்கியால் மட்டும் தாங்கப்பட்ட வண்டியின் கீழே ஒருபோதும் செல்லக் கூடாது. உறுதியான தாங்கிகளை உற்பத்தியாளர் குறித்த இடங்களில் வைக்க வேண்டும். அடிக்கவசம் வண்டியின் எடையைத் தாங்காது. ஜாக்கியை அதன்மீது வைத்தால் கவசமும் அதற்கு மேலுள்ள தொட்டியும் உடையும்.

கவசத்தை எடுத்தவுடன், அதன்மேல் எண்ணெய் தேங்கியுள்ள இடத்தைத் துடைப்பதற்கு முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னர் எஞ்சினை எண்ணெய்நீக்கியால் கழுவி உலரவிட்டு, சிறிது தொலைவு ஓட்டி, மீண்டும் பார்க்க வேண்டும். எண்ணெய் கீழ்நோக்கி வழியும். ஓட்டத்தின்போது காற்று அதனைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே நனைந்த பகுதிகளுள் மிக மேலாகவும் மிக முன்னாகவும் உள்ள இடமே கசிவின் தோற்றுவாயாக இருக்க வாய்ப்பு மிகுதி. கழுவாமலே பார்த்தால், வால்வு மூடியிலிருந்து வழிந்த எண்ணெயைக் கண்டு பின் சீல் பழுது என முடிவு செய்து, தேவையின்றிக் கியர்பெட்டியை இறக்க நேரிடும்.

கண்ணுக்குப் புலப்படாத கசிவுக்கு ஒளிரும் சாயம் பயன்படுகிறது. எண்ணெயில் இதனைக் கலந்து வண்டியை ஓட்டிய பின் புற ஊதா விளக்கால் பார்த்தால் கசிந்த இடம் பச்சை மஞ்சளாக ஒளிரும்.

சரிசெய்தல்

பழைய கேஸ்கெட்டை அகற்றிய பின் இரு உலோகப் பரப்புகளையும் கீறலின்றித் தூய்மை செய்வது இவ்வேலையின் முதன்மையான பகுதி. போல்ட்டுகளை உற்பத்தியாளர் குறித்த வரிசையிலும் முறுக்குவிசையிலும் பூட்ட வேண்டும். ஒரு பக்கத்தை முற்றிலும் இறுக்கிவிட்டு மறுபக்கம் சென்றால் மூடி வளைந்து மீண்டும் கசியும். மக்னீசியக் கலவை எஞ்சின்களில் பயன்படும் அலுமினிய போல்ட்டுகளை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தலாகாது.

கேஸ்கெட்டிற்குப் பதிலாக எல்லா இடங்களிலும் சிலிக்கோன் பசையைத் தடவும் வழக்கம் உண்டு. உற்பத்தியாளர் கூறிய மூலைகளில் மட்டும் சிறிதளவு இடுவது சரியானது. மிகுதியாக இட்டால் உட்புறம் பிதுங்கிய பசை பிய்ந்து, எண்ணெய்ப் பம்பின் உறிஞ்சுவலையை அடைக்கக்கூடும். கசிவை நிறுத்துவதற்காகப் போடப்பட்ட பசை எஞ்சினையே பட்டினி போடும் நிலை இதனால் உண்டாகிறது. எண்ணெயில் கலக்கும் கசிவுநிறுத்தி மருந்துகள் ரப்பரை உப்பவைத்துத் தற்காலிகமாகவே பயன் தரும். கிழிந்த அல்லது உடைந்த பாகங்களுக்கு அவை உதவா.

வேலை முடிந்தபின் அடிக்கவசத்தை எண்ணெய்நீக்கியால் கழுவிப் பொருத்த வேண்டும். எண்ணெயில் ஊறிய இழைக்கம்பளக் கவசம் தீப்பற்றக்கூடியது ஆதலால் அதனை மாற்றுவதே நலம். கவசத்தைப் பிடித்திருக்கும் திருகுகளும் நெகிழி கிளிப்புகளும் எண்ணிக்கையில் மிகுதி. ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் ஒன்றிரண்டு தொலைவது வழக்கம். முன்விளிம்பில் திருகுகள் இல்லாத கவசத்தை எதிர்க்காற்று கீழ்நோக்கி இழுக்கும். பெருஞ்சாலை வேகத்தில் அது பிய்ந்து தரையில் உராயும். பின்வரும் இருசக்கர வண்டி ஓட்டுநருக்கு இது உயிராபத்து. ஆகவே கழற்றிய திருகுகளை எண்ணி வைப்பதும், பூட்டிய பின் எண்ணுவதும் நல்ல பழக்கமாகும். கம்பியால் கட்டுவது வீடு சேரும் வரைக்குமான ஏற்பாடு மட்டுமே.

புதிய கவசம் விலைமிகுந்தது என்பதால் பலர் பழைய பாகங்களை நாடுகின்றனர். சென்னையில் புதுப்பேட்டை பழைய வாகனப் பாகங்களுக்கும், ஜி.பி. சாலை புதிய உதிரிப்பாகங்களுக்கும் பெயர்பெற்றவை. பழைய கவசம் வாங்குவோர் வண்டியின் ஆண்டு, எஞ்சின் வகை, பாக எண் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே பெயருடைய மகிழுந்தின் பெட்ரோல், டீசல் வகைகளுக்குக் கவசம் வேறுபடலாம். நெகிழிக் கவசத்தில் சிறு விரிசல் இருந்தால், அதே வகை நெகிழியை உருக்கி ஒட்டிச் சரிசெய்ய முடியும்.

வேகத்தடைகளும் தரை இடைவெளியும்

சொகுசுப் பயண மகிழுந்துகளின் தரை இடைவெளி பெரும்பாலும் 130 முதல் 165 மி.மீ. வரை இருக்கும். இந்திய சாலைப் பேராயத்தின் ஐ.ஆர்.சி. 99 (1988) வழிகாட்டி, வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட 17 மீட்டர் ஆரமுள்ள வில்லாக இருக்க வேண்டும் எனக் கூறுகிறது. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கென இது வகுக்கப்பட்டது.

இவ்வில்லின் மீது 3 மீட்டர் சக்கர இடைவெளியுள்ள மகிழுந்து நிற்பதாகக் கொண்டால், இரு சக்கரங்களையும் இணைக்கும் கோட்டிற்கு மேலே தடை எழும் உயரம் ஏறத்தாழ 6.6 செ.மீ. மட்டுமே. எனவே 14 செ.மீ. இடைவெளியுள்ள வண்டி தட்டாமல் கடக்கும். மாறாக, தெருக்களில் குடியிருப்போரே அமைக்கும் அரை மீட்டர் அகலமும் 15 செ.மீ. உயரமும் கொண்ட தடை, முன் பின் சக்கரங்களுக்கு நடுவே முழுவதும் அடங்கிவிடும். அங்கு முழு 15 செ.மீ. உயரமும் வண்டியின் அடியில் எழுகிறது. அதே வண்டி இங்குத் தட்டும். தடையின் உயரம் மட்டுமன்றி அதன் அகலம் குறைவதும் கேடு என்பது இக்கணக்கால் தெளிவாகும்.

முன்சக்கரங்கள் குறுகிய தடையிலிருந்து இறங்கும்போது சுருள்வில்கள் அமுங்கி வண்டியின் முகப்பு மேலும் தாழும். அப்போது அடிக்கவசமே முதலில் உராய்கிறது. நின்று, மிக மெதுவாக, தேவையானால் சற்றுச் சாய்வாகக் கடப்பது இழப்பைக் குறைக்கும். தடை மோதிய ஓசை கேட்டால் சிறிது தொலைவில் நிறுத்திக் கீழே எண்ணெய் ஒழுகுகிறதா எனப் பார்க்க வேண்டும். எஃகுத் தகட்டுத் தொட்டி மோதலில் நசுங்கும். வார்ப்பு அலுமினியத் தொட்டியோ வெடித்து, சில நிமிடங்களில் முழு எண்ணெயையும் இழக்கக்கூடும்.

மழைவெள்ளமும் அடிப்பாகங்களும்

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் உள்ளிட்ட பகுதிகள் மூழ்கின. ஏராளமான மகிழுந்துகள் நீரில் நின்றன. 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின்போதும் தென் புறநகர்ப் பகுதிகள் வெள்ளத்தில் சிக்கின. இப்பட்டறிவால் 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மக்கள் தம் மகிழுந்துகளை மேம்பாலத்தின் மீது வரிசையாக நிறுத்தினர்.

நீரில் நின்ற வண்டியின் எஞ்சினை இயக்க முயலக் கூடாது. உருளைக்குள் புகுந்த நீர் அமுங்காது. அந்நிலையில் எஞ்சினைச் சுழற்றினால் இணைப்புத்தண்டு வளையும் அல்லது ஒடியும். எண்ணெய் பால் கலந்த காப்பி போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றிய பின்னரே எஞ்சினைத் தொட வேண்டும்.

வெள்ளம் வடிந்தபின் பலரும் மறப்பது அடிக்கவசத்தை. அதன்மேல் படிந்த வண்டல் ஈரத்தைத் தேக்கிவைத்து, போல்ட்டுகளையும் மின் இணைப்புகளையும் அரிக்கிறது. சேற்றின் எடையால் கிளிப்புகள் விடுபட்டுக் கவசம் தொங்கும். ஆகவே வெள்ளத்தில் நின்ற வண்டியின் அடிக்கவசத்தைக் கழற்றிக் கழுவி உலர்த்துவது இன்றியமையாதது.

தீ ஆபத்து

எஞ்சின் எண்ணெயின் தீப்பற்று நிலை பொதுவாக 200 °செ.-க்கு மேல் உள்ளது. சுமை மிகுந்து ஓடும் எஞ்சினின் புகைபோக்கிக் குழாயும் டர்போவும் 500 °செ.-ஐயும் தாண்டுவதுண்டு. ஆகவே அவற்றின்மீது எண்ணெய் தொடர்ந்து சொட்டினால் தீப்பற்ற வாய்ப்புண்டு. கீழே எண்ணெயில் ஊறிய கவசம் இருப்பின் தீ விரைந்து பரவும். கருகிய வாடையோ முன்மூடியின் கீழிருந்து நீலப் புகையோ வந்தால் எஞ்சினை அணைத்து அனைவரும் வண்டியைவிட்டு விலக வேண்டும். முன்மூடியை அகலத் திறந்தால் காற்றோட்டம் கூடித் தீ வளரும்.

சுற்றுச்சூழல்

தரையில் சொட்டும் எண்ணெய் அங்கேயே நிற்பதில்லை. முதல் மழையில் வடிகால் வழியாக நீர்நிலையைச் சேர்கிறது. மேற்குத் தாம்பரம், முடிச்சூர்ப் பகுதிகளின் நீர் அடையாற்றை நோக்கிச் செல்கிறது. சேலையூர், இராசகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் தொடராகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகிறது. இச்சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஒருமுறை மாற்றப்படும் எஞ்சின் எண்ணெய் பத்து இலட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குறிப்பிடுகிறது.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் தீங்குதரு கழிவு விதிகளின்படி, பயன்படுத்திய எண்ணெய் தீங்குதரு கழிவாகும். 2023-இல் அறிவிக்கப்பட்டு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பயன்படுத்திய எண்ணெயின் மறுசுழற்சிக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. எனவே கழிவெண்ணெயை வடிகாலிலோ மண்ணிலோ ஊற்றாமல், மூடிய கலத்தில் சேர்த்துப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் பட்டறையிடம் ஒப்படைக்க வேண்டும். தரையில் சிந்திய எண்ணெயை நீரால் கழுவாமல், மரத்தூள் அல்லது உலர்மணலைத் தூவி உறிஞ்சச் செய்து அள்ளுவதே முறையாகும்.